வீட்டுச் சாமான்களை ஸ்டோரேஜில் வைக்கப் போகிறீர்களா? சென்னைக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

பழைய அடுக்குமாடிகளை பில்டரிடம் கொடுத்து இடித்துக் கட்டுவது சென்னையில் இப்போது தெருவுக்குத் தெரு நடக்கிறது. மூன்று படுக்கையறை வீட்டில் இருந்த குடும்பம், கட்டி முடியும்வரை ஒரு சின்ன வாடகை வீட்டில் இருக்க வேண்டும். பாதி சாமான் அங்கே நுழையாது. இன்னொரு பக்கம், இரண்டு வருட வேலைக்காக வெளிநாடு போகிறவர்கள், அப்பா அம்மாவின் வீட்டைக் காலி செய்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறவர்கள். இவர்கள் எல்லோரும் கடைசியில் தேடுவது ஸ்டோரேஜ் என்று சொல்லப்படும் வாடகைக் கிடங்கைத்தான்.

தேடத் தொடங்கியதும் எல்லோரும் முதலில் கேட்பது “சதுர அடிக்கு எவ்வளவு?” என்றுதான். வறண்ட ஊராக இருந்தால் அது சரியான கேள்வி. கடலோர ஊரில், வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊரில், வாடகையைக் கடைசியாகக் கேட்டால் போதும். தண்ணீர் உள்ளே வருமா, ஈரம் தங்குமா, பொருள் கெட்டால் யார் பொறுப்பு என்ற மூன்றும் அதற்கு முன்னால் வரவேண்டியவை. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

படி 1: அளவெடுங்கள்

“டூ பெட்ரூம் வீட்டுச் சாமான்” என்று போனில் சொன்னால், அவர்களும் ஒரு குத்துமதிப்பைச் சொல்வார்கள். அந்த மதிப்பு எப்போதும் அவர்களுக்குச் சாதகமாகவே இருக்கும். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நீங்களே கன அடிக் கணக்குப் போட்டுவிடுங்கள். ஒரு மணி நேர வேலைதான்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கினால் கன அடி. சாதாரண வீடு ஒன்றுக்கு உத்தேசமாக இப்படி வரும்: கழற்றிய டபுள் காட் 15, அதன் மெத்தை 16, மூவர் சோபா 58, ஃபிரிட்ஜ் 22, வாஷிங் மெஷின் 12, ஆறரை அடி ஸ்டீல் பீரோ 29, கால் கழற்றிய சாப்பாட்டு மேசை 8, நான்கு நாற்காலி 29, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவிலான அட்டைப்பெட்டி முப்பது என்றால் 101. இதோடு இரண்டாவது அறையின் கட்டில், மெத்தை, பீரோவுக்கு 60. மொத்தம் 350 கன அடி.

ஆனால் சாமான்கள் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் பொருந்தாது. ஆகவே நாற்பது சதவீதம் கூட்டி 490 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு அடி உயரம் வரை அடுக்கலாம் என்றால் தேவைப்படும் தரை 70 சதுர அடி. இடையில் போய்த் தேடி எடுக்க ஆள் நடக்கும் வழி வேண்டும் என்றால் 85. உங்களிடம் 150 சதுர அடி அறையை ஒருவர் விற்கப் பார்த்தால், இந்தத் தாளைக் காட்டலாம்.

கூரை உயரத்தைக் கேட்க மறக்காதீர்கள். எட்டு அடிக் கூரையும் பன்னிரண்டு அடிக் கூரையும் உள்ள இரண்டு இடங்களைச் சதுர அடி வாடகையில் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அதேபோல் சில நிறுவனங்கள் அறை கணக்கில் இல்லாமல் பெட்டிக்கு இவ்வளவு, சோபாவுக்கு இவ்வளவு என்று பொருள் கணக்கில் வாங்குகின்றன. இரண்டையும் மாத மொத்தமாக மாற்றி ஒப்பிடுங்கள்.

படி 2: கழியுங்கள்

மாத வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடத்துக்கு 1,44,000. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 1,69,920. லாரிக் கூலி போக வர தனி. இப்போது மேலே உள்ள பட்டியலில் அந்த மூவர் சோபாவைப் பாருங்கள். 350-இல் 58, அதாவது ஆறில் ஒரு பங்கு. அந்த சோபாவை வைத்திருக்க மட்டும் சுமார் 28,000 ரூபாய் கொடுக்கப் போகிறீர்கள். பத்து வருடப் பழைய ரெக்சின் சோபாவுக்கு அது தேவையா என்று நீங்களே முடிவு செய்யலாம். என் அபிப்பிராயம்: ரெக்சின் சோபா, பார்ட்டிக்கிள் போர்டு அலமாரி, பழைய பஞ்சு மெத்தை மூன்றையும் விற்றுவிடுங்கள் அல்லது கொடுத்துவிடுங்கள். ரெக்சினின் மேல்பூச்சு வெப்பத்திலும் ஈரத்திலும் தானாகவே சிதைந்து செதில் செதிலாக உரியும். உறை போட்டு வைத்தாலும் தப்பாது. பார்ட்டிக்கிள் போர்டு ஒருமுறை நீரை உறிஞ்சி உப்பினால் அவ்வளவுதான், காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது.

தேக்குக் கட்டில், ஸ்டீல் பீரோ, பித்தளை வெண்கலப் பாத்திரங்கள், நல்ல நிலையில் இருக்கும் வாஷிங் மெஷின் இவையெல்லாம் வைக்கத் தகுந்தவை. அம்மி, ஆட்டுக்கல்லுக்குக் காசு கொடுத்து இடம் பிடிக்காதீர்கள். வெயிலோ மழையோ அதை ஒன்றும் செய்யாது. ஊரில் உறவினர் வீட்டுக் கொல்லையில் ஒரு மூலை போதும்.

எந்தக் கிடங்கிலும் வைக்கவே கூடாதவை சில உண்டு. கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து அதற்கான ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் இல்லாமல் மாதக் கணக்கில் கிடந்தால் செத்துவிடும், அமிலம் கசியவும் கூடும். அதைப் பழைய பேட்டரி எடுப்பவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரி, பவர் பேங்க், பெயிண்ட், தின்னர், பூஜை அலமாரியில் மறந்துபோன கற்பூர டப்பா, தீப்பெட்டி ஆகியவை தீ விபத்துக்கு வழி. அரிசி, பருப்பு, மசாலா ஒரு பொட்டலம் இருந்தாலும் எலி வரும்.

அடுத்து, மனசுக்கு நெருக்கமானவை. தாய்ப் பத்திரம், நகை, வெள்ளி இவை வங்கி லாக்கருக்கு. பட்டுப் புடவைகளை யாராவது எடுத்துப் பிரித்து மடிப்பு மாற்றி மடிக்க வேண்டும், ஜரிகை கறுக்காமல் பார்க்க வேண்டும். கிடங்கில் அதைச் செய்ய ஆள் இல்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணப்பொடியும் கோந்தும் கலந்த மேடு இருக்கிறது, அதன்மேல்தான் தங்கத்தாள். ஈரம் ஏறினால் அது எழும்பி விரியும். பழைய போட்டோ ஆல்பத்தில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இந்த மூன்றையும் நீங்கள் தங்கப்போகும் வீட்டுக்கே எடுத்துப் போங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள்.

படி 3: தண்ணீர் வருமா என்று பாருங்கள்

2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் மட்டுமல்ல, அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் தண்ணீர் நின்றது. எண்ணூர் பக்கம் எர்ணாவூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்தது. தொழிற்பேட்டைகள், புறவழிச்சாலை ஓரங்கள், ஏரிக்கு அருகில் இருந்த காலி நிலங்கள் இவற்றில்தான் குறைந்த வாடகைக்குக் கிடங்கு கிடைக்கும். குறைந்த வாடகைக்குக் காரணம் பல நேரம் அந்தப் பள்ளமேதான்.

இணையத்தில் போட்டிருக்கும் படங்களை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். நேரில் போங்கள். போனால் இவற்றைப் பாருங்கள்:

சாலையைவிடத் தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? சென்னையில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டே பல கட்டடங்கள் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டன. வாசலில் இறங்கிப் போகும்படி இருந்தால், தரைத்தளத்தை மறந்துவிடுங்கள். வெளிச்சுவரிலும் ஷட்டரின் அடியிலும் பழைய நீர்க்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக அடித்த பெயிண்ட் இடுப்பளவோடு நின்றிருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

அப்புறம், மேலாளரிடம் கேட்பதைவிட எதிரே உள்ள டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுக் கேளுங்கள். “பதினஞ்சுல இங்கே எவ்ளோ தண்ணி வந்துச்சு?” என்றால், முழங்காலா, இடுப்பா, கழுத்தா என்று கையை வைத்தே காட்டிவிடுவார்கள்.

முதல் தளமோ அதற்கு மேலோ கிடைத்தால், வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள். ஒரே நிபந்தனை, சாமான் ஏற்றும் லிஃப்ட் வேலை செய்ய வேண்டும். மாடிப்படி வழியாகத் தூக்கினால் லோடுமேன் கூலி ஏறும், பீரோவும் நசுங்கும். உச்சித் தளம் என்றால் கூரையைப் பாருங்கள். தகரமோ சிமெண்ட் ஷீட்டோ நேரடிக் கூரையாக இருந்தால் மே மாதத்தில் உள்ளே அடுப்புதான். கான்கிரீட் கூரையுள்ள நடுத்தளம்தான் நான் சிபாரிசு செய்வது.

படி 4: ஈரத்தை அளந்து பாருங்கள்

வெள்ளம் எப்போதோ ஒருமுறை வரும், ஈரம் தினமும் இருக்கும். காற்றில் ஈரப்பதம் அறுபத்தைந்து எழுபது சதவீதத்துக்கு மேல் நீடித்தால் மரத்திலும் துணியிலும் தோலிலும் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். சென்னைக் காற்றில் அந்த அளவு சர்வசாதாரணம்.

கதவைத் திறந்ததும் வரும் முதல் வாசனையைக் கவனியுங்கள். புழுக்க வாடை வந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. ரூம் ஃபிரெஷ்னர் வாசனை வந்தால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்றை வாங்கி, உங்களுக்குக் கொடுக்கப்போகும் அதே அறையில் கதவை மூடி அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள்.

“கிளைமேட் கன்ட்ரோல்” என்று விளம்பரம் செய்யும் இடங்களில் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஏசி இருபத்துநாலு மணி நேரமும் ஓடுமா, அலுவலக நேரத்தில் மட்டுமா? ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர் தனியாக இருக்கிறதா? மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் இவை ஓடுமா, இல்லை விளக்கும் கேமராவும் மட்டும்தானா? பகலில் குளிர்ந்து இரவில் சூடாகும் அறையைவிட, சாதாரணமாகக் காற்றோட்டம் உள்ள அறை பரவாயில்லை. பீரோ, பாத்திரம், தேக்கு மட்டுமே வைப்பவர்களுக்கு ஏசி அறை வீண்செலவு என்பது என் கருத்து. புத்தகங்கள், தோல் பொருள், இசைக்கருவி இருந்தால் அவற்றுக்கு மட்டும் ஒரு சின்ன ஏசி யூனிட் எடுக்கலாம். வீணையையும் மிருதங்கத்தையும் அதிலும் வைக்காதீர்கள், தெரிந்த வித்வான் யாரிடமாவது கொடுத்தால் வாசித்துக்கொண்டாவது இருப்பார்.

பூச்சி விஷயத்தில், மருந்து அடிக்கும் ஒப்பந்தம் யாரோடு, கடைசியாக எப்போது அடித்தார்கள் என்ற பதிவேட்டைக் கேளுங்கள். சுவர் ஓரத்தில் மண்கோடு தெரிந்தால் கரையான். பக்கத்து யூனிட்டில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். பலசரக்கு வியாபாரி ஒருவர் அதே தளத்தில் மூட்டை அடுக்கியிருந்தால் எலி உங்களுக்கும் வரும்.

படி 5: சாவி யாரிடம்?

பலர் பார்க்காமல் தாண்டிவிடும் இடம் இது. வீட்டுச் சாமான் கிடங்கு நம் ஊரில் மூன்று விதம். ஒன்று, தனி அறை, உங்கள் பூட்டு, நீங்களே போய் வரலாம். இரண்டாவது, நிறுவனமே வந்து பேக் செய்து, ஒவ்வொரு பொருளுக்கும் பார்கோடு ஒட்டி, தன் கிடங்கில் அடுக்கிவைத்து, கேட்டால் கொண்டுவந்து தரும். மூன்றாவது, பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர்கள் தங்கள் குடோனில் ஒரு மூலையில் வைத்துக்கொள்வது.

இரண்டாவது, மூன்றாவது வகையில் உங்கள் பொருளை அவர்கள் பொறுப்பில் ஒப்படைக்கிறீர்கள். 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148-ஆவது பிரிவு இந்த ஒப்படைப்பைச் சொல்கிறது. வாங்கி வைத்துக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151-ஆவது பிரிவு. முதல் வகையில் ஒப்பந்தம் பெரும்பாலும் “இடத்தைப் பயன்படுத்த அனுமதி” என்ற பெயரில் இருக்கும். பூட்டு உங்களுடையது, உள்ளே என்ன இருந்தது என்றே எங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியும். சுதந்திரம் அதிகம், பாதுகாப்புப் பொறுப்பும் உங்களுக்கே அதிகம்.

அடிக்கடி போய் எடுக்க வேண்டியவர்களுக்கு முதல் வகை. வெளிநாடு போகிறவர்களுக்கு இரண்டாவது வகை வசதி. மூன்றாவது வகையை நான் இரண்டு மாதத்துக்கு மேல் பரிந்துரைக்க மாட்டேன். அந்த குடோன் அவர்களுக்கே வாடகை இடமாக இருக்கும், இடம் மாறினால் உங்கள் சாமானும் சொல்லாமல் இடம் மாறும்.

ஒப்பந்தத்தில் படிக்க வேண்டியவை: சேதத்துக்கு அவர்கள் தரும் அதிகபட்சத் தொகை எவ்வளவு? பல ஒப்பந்தங்கள் சில மாத வாடகையோடு நிறுத்திக்கொள்ளும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல்: ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 ஜனவரி 1 முதல், தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றில் லாக்கர் பொருள் போனால் வங்கி தரவேண்டிய தொகை ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு. கிடங்குக்கு அப்படி ஒரு விதியை எதிர்பார்க்காதீர்கள். எழுத்தில் இருப்பதுதான் கணக்கு.

வாடகை பாக்கி விழுந்தால் எத்தனை நாளில் சாமானை விற்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள், அதற்கு முன் எந்த முகவரிக்கு நோட்டீஸ் வரும் என்பதைப் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது உண்மையான ஆபத்து. இந்திய மொபைல் எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருப்பார்கள், தானாகக் கட்டும் கிரெடிட் கார்டு காலாவதி ஆகியிருக்கும், நோட்டீஸும் ஓ.டி.பி.யும் செத்துப்போன எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஊரில் உள்ள தம்பியோ மைத்துனரோ ஒருவரின் பெயரையும் எண்ணையும் இரண்டாவது தொடர்பாக ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சாமானை எடுக்கும் அதிகாரமும் அவருக்கு இருக்கட்டும்.

வாடகை வருடத்துக்கு எவ்வளவு ஏறும், ஒருமுறை போய்த் திறக்கக் கட்டணம் உண்டா, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, முன்பணம் எப்போது திரும்பும் என்பவற்றையும் பாருங்கள். வழக்கு என்றால் பெங்களூரில் அல்லது மும்பையில்தான் என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம்.

இடித்துக் கட்டும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: மாற்று வீட்டு வாடகையை பில்டர் தருவதாகப் பேசும்போதே கிடங்கு வாடகையையும் இருமுறை லாரிச் செலவையும் சேர்த்துப் பேசுங்கள். கட்டடம் தாமதமானால் அந்தக் கூடுதல் மாதங்களுக்கும் சேர்த்து.

படி 6: காப்பீடு

வீட்டுக் காப்பீடு பொதுவாகப் பாலிசியில் எழுதியிருக்கும் முகவரிக்குத்தான். சாமான் கிடங்குக்குப் போனபின் அது பொருந்துமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

“எங்களிடம் இன்சூரன்ஸ் இருக்கிறது” என்று கிடங்குக்காரர் சொன்னால், அது கட்டடத்துக்கா, உங்கள் பொருளுக்கா என்று கேளுங்கள். பாலிசி நகலில் எஸ்.டி.எஃப்.ஐ. (STFI) என்ற நான்கெழுத்தைத் தேடுங்கள்; புயல், சூறாவளி, வெள்ளம், நீர் புகுதல் ஆகியவற்றுக்கான பாதுகாப்பு அது. பிரீமியத்தைக் குறைக்க அதை நீக்கிவிட்டு பாலிசி எடுப்பவர்களும் உண்டு. சென்னையில் அது இல்லாத தீ காப்பீடு பாதிக் காப்பீடுதான். திருட்டு தனிப் பாலிசி.

மதிப்பைக் குறைத்துக் காட்டாதீர்கள். நான்கு லட்ச ரூபாய்ச் சாமானுக்கு இரண்டு லட்சம் என்று எழுதினால், பாதி நஷ்டம் வந்தாலும் அதில் பாதிதான் கிடைக்கும் என்ற கணக்கு பல பாலிசிகளில் இருக்கிறது.

படி 7: கட்டி அடுக்குவது

நேரம் பார்த்தால் ஆடி மாதம் நல்லது. ஆடியில் வீடு மாற மாட்டார்கள் என்பதால் லாரியும் ஆளும் சுலபமாகக் கிடைக்கும். கிடங்கில் வைப்பதற்குக் கிரகப்பிரவேசம் தேவையில்லை. மழைக்கு முன்னால் காய்ந்த நிலையில் எல்லாம் உள்ளே போய்விடும்.

மெத்தை, சோபாவை ஸ்ட்ரெச் ஃபிலிமால் இறுகச் சுற்றுவதுதான் பேக்கர்ஸ்காரர்களின் வழக்கம். லாரிப் பயணத்துக்கு அது சரி. கிடங்கில் இறக்கியதும் அதைக் கிழித்துவிட்டு, பழைய பருத்திப் போர்வையால் மூடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக்குக்குள் அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணம் ஆகும். மெத்தையைப் படுக்கையாகவே வையுங்கள், சாய்த்து நிறுத்தினால் வளைந்துவிடும்.

ஃபிரிட்ஜை இரண்டு நாள் முன்பே நிறுத்தித் துடைத்து உலர்த்தி, கதவு மூடாமல் ஒரு துணியை இடையில் செருகி, நிமிர்த்தியே வையுங்கள். வாஷிங் மெஷினில் குழாயிலும் டிரம்மிலும் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். முன்பக்கம் திறக்கும் மெஷின் என்றால் வாங்கும்போது கொடுத்த, டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் போல்ட்டுகளைத் தேடிப் பிடித்து மாட்டுங்கள். ஏசியைக் கழற்றும்போது கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைக்கத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். பைக்கில் பெட்ரோலை எடுத்துவிட்டு பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவைத்துத் துணியில் சுற்றுங்கள். குத்துவிளக்கின் குழியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எறும்பும் கரப்பானும் தேடி வரும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை ஒட்டும், காகிதம் தின்னும் பூச்சிக்கு அது தீனி. மரச் சாமான் அடியில் மாவு போல் தூள் கொட்டியிருந்தால் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மருந்து வைக்காமல் அதை மற்ற மரத்தோடு சேர்க்க வேண்டாம்.

தரையில் எதுவும் நேராகப் படக்கூடாது. மர பேலட் தராவிட்டால் செங்கல் வைத்துப் பலகை போடுங்கள். பீரோவின் துரு எப்போதும் கீழிருந்துதான் தொடங்கும். சுவரிலிருந்து அரை அடி விட்டு அடுக்குங்கள். மேசை மேல் மேசை என்று ஏற்றுவதைவிட, பீரோவுக்குள் துணிப் பெட்டி, ஃபிரிட்ஜ் ஓரத்தில் கழற்றிய கட்டில் சட்டங்கள் என்று இடத்தைப் பயன்படுத்துங்கள். கட்டில் போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு அந்தச் சட்டத்திலேயே கட்டுங்கள். தனி டப்பாவில் போட்டால் இரண்டு வருடம் கழித்துக் கண்டுபிடிக்க முடியாது.

கொலு வைக்கும் வீடு என்றால் பொம்மைப் பெட்டிகள்தான் கடைசியாக உள்ளே போக வேண்டும், கதவுக்குப் பக்கத்தில். புரட்டாசியில் எடுக்க வேண்டும், முடிந்ததும் மழை தொடங்கும் நேரத்தில் திரும்ப வைக்க வேண்டும். மண் பொம்மையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள், காகிதக்கூழ் பொம்மைக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். பொருள் கணக்கில் வாங்கும் நிறுவனம் என்றால் இந்தப் போக்குவரத்துக்கும் கட்டணம் போடும், முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பெட்டிகளுக்கு எண் போட்டு, எந்தப் பெட்டியில் என்ன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பெரிய பொருளையும் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, அந்தப் பட்டியலில் நிறுவனத்தின் கையெழுத்தை வாங்குங்கள். அவர்கள் தரும் பட்டியலில் எல்லாப் பொருளுக்கும் எதிரே “ஸ்க்ராட்ச், டென்ட்” என்று பொதுவாக எழுதி வைப்பது ஒரு தந்திரம். கீறல் இல்லாத பொருளுக்கு அதை அடிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

படி 8: நடுவிலும் முடிவிலும்

மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை யாராவது போய்ப் பார்க்க வேண்டும். போனால் பீரோ கதவைத் திறந்து காற்று விடுங்கள், நாப்தலின் உருண்டையையும் சிலிக்கா ஜெல்லையும் மாற்றுங்கள், சுவரோரம் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிநாட்டில் இருந்தால் வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். கதவு வரை மட்டும் காட்டினால் போதாது, கடைசி மூலை வரை.

சாமானைத் திரும்ப எடுக்கும்போது அவசரம் வேண்டாம். தை பிறந்ததும் கிரகப்பிரவேச முகூர்த்தங்கள் வரிசையாக வரும், லாரிக்குத் தட்டுப்பாடு. கிடங்குக்கு முன்னறிவிப்பு கொடுத்த அன்றே வண்டியையும் சொல்லிவைத்துவிடுங்கள். இறக்கியதும் “எல்லாம் சரியாக வந்தது” என்ற தாளை நீட்டுவார்கள். பெட்டிகளை எண்ணி, பெரிய பொருட்களைப் பிரித்துப் பழைய போட்டோவோடு பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். பிரிக்க நேரமில்லை என்றால் “உள்ளே உள்ளவை சரிபார்க்கப்படவில்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜை லாரியில் சாய்த்துக் கொண்டுவந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே பிளக்கைச் செருகுங்கள்.